விருந்தாளிகள் தங்கும் மாடிப் பந்தல்

786

பேகம்பூர், திண்டுக்கல்
12-2-1957

பினாங்கில் இருக்கும் தம்பி அக்பர் அலிக்கு அக்கா ஜெய்தூன் பீவி சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் தங்கச்சி சபுராவும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதம் உன் பெண்டாட்டி குர்ஷித்தைப் பற்றியது. உட்கார்ந்து படி. அவளுக்கு இருமல் விடவில்லை என்று போன தடவை எழுதியிருந்தேன். டாக்டரம்மா நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டுக் காசநோய் என்று சொல்லிவிட்டார். "பயப்படாதீங்க, இப்ப நல்ல ஊசியெல்லாம் வந்திருக்கு. ஆனா ஊசி பாதிதான். மீதி காத்தும் வெளிச்சமும்" என்றார். மதுரைப் பக்கத்து சானடோரியத்துக்கு எழுதித் தரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

நம் வீடு உனக்குத் தெரியாததா? அவள் படுக்கிற நடு அறைக்கு ஜன்னலே கிடையாது. எதிரே தோல் சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் உப்புப் போட்டால் அன்றைக்கு முழுக்க அந்த நாற்றம்தான். டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். "இந்த ரூம்ல நல்லா இருக்கிறவங்களைப் படுக்க வச்சாலே நோயாளி ஆயிருவாங்களே" என்று என்னையே ஏசினார். பிறகு மொட்டை மாடியில் ஏறிப் பார்த்துவிட்டு, "இங்கயே ஒரு பந்தல் போட்டு ராப்பகலா வச்சிருங்க. மேல நிழல் இருக்கணும், நாலு பக்கமும் காத்து வரணும், அம்புட்டுத்தான்" என்றார்.

தச்சு வேலை பார்க்கும் பொம்மையனை அழைத்துக் கேட்டேன். நாலு தூண், மேலே சட்டம் அடித்துக் கீற்று, பக்கத்துக்கு மூங்கில் தட்டி. இரண்டு நாள் வேலைதானாம். ஆனால் நகரசபை அனுமதி கையில் இல்லாமல் தூண் நட மாட்டாராம். மாடியில் கீற்று என்றால் நெருப்புப் பயம், சொல்லாமல் கட்டினால் பிரித்துப் போட்டுவிடுவார்கள் என்கிறார்.

இன்னொன்று. இருமல் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கிறது. பக்கத்து வீட்டு மைதீன் பிச்சை ராவுத்தரின் பெண்டாட்டி பாத்துமுத்து, "யாருக்குடி இருமல்?" என்று கேட்டாள். "எனக்குத்தான், இழுப்பு" என்று சொல்லிவிட்டேன். வத்தலக்குண்டிலிருந்து சபுராவைப் பெண் கேட்டு வந்திருக்கிற நேரத்தில் வேறு என்னத்தைச் சொல்ல? விதவைக்கு இழுப்பு வந்தால் யாருக்கு என்ன நட்டம்?

வீடு உன் பேரில் இருக்கிறது. மனுவும் உன் பேரில்தான் போக வேண்டும். உடனே சம்மதம் எழுது. குர்ஷித் சலாம் சொல்கிறாள்.

ஜெய்தூன் பீவி

---

பினாங்கு
2-3-1957

மரியாதைக்குரிய அக்காவுக்கு அக்பர் அலி சலாம். இங்கு நான் சுகம். உங்கள் கடிதம் கிடைத்ததிலிருந்து கடையில் துணியைத் தப்பாக அளக்கிறேன். முதலாளி இரண்டு முறை கேட்டுவிட்டார். தலைவலி என்று சொன்னேன்.

பந்தலைக் கட்டுங்கள். சம்மதக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் மனுவில் நோயாளிக்கு என்று எழுத வேண்டாம். நகரசபை ஆபீசில் நாலு பேர் கண்ணில் படும். நாலு பேரில் ஒருவன் வத்தலக்குண்டுக்காரனாக இருப்பான். "விருந்தாளிகள் தங்குவதற்கு" என்று எழுதுங்கள். கல்யாண வீட்டில் விருந்தாளி வருவது இயற்கை, யாரும் கேட்க மாட்டார்கள்.

சானடோரியம் வேண்டவே வேண்டாம். அந்த வாசலில் ஒரு தடவை இறங்கினால் போதும், அந்த வீட்டில் அந்த நோய் என்று ஊரே சொல்லும். சபுரா காலத்துக்கும் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

நான் வர முடியவில்லை. இங்கே திரும்பி நுழைவதற்குப் பெர்மிட் கேட்டிருக்கிறேன். அது கிடைக்காமல் கப்பல் ஏறினால் மறுபடி உள்ளே விட மாட்டார்கள். நீங்கள் கோபப்படக் கூடாது. குர்ஷித்துக்கு என் சலாம். முட்டையும் பாலும் தவறாமல் கொடுக்கவும்.

அக்பர் அலி

---

786

பேகம்பூர்
20-3-1957

தம்பிக்கு அக்காவின் சலாமும் துஆவும். இங்கே சபுரா சுகம், நானும் சுகம். உன் தலைவலி தேவலையா?

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். பிளான் வரைகிற சனாவுல்லா வந்து அளந்து நீலக் காகிதத்தில் நம் வீட்டை வரைந்தார். கக்கூஸ் முதற்கொண்டு கோடு போட்டிருக்கிறார், பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. "மாடிப் பந்தல் எதுக்குன்னு எழுத, அக்கா?" என்றார். "விருந்தாளிக்கு" என்றேன். நடு அறையிலிருந்து ஒரு இருமல் வந்தது. நானும் உடனே பதிலுக்கு இருமினேன். சபுரா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடிவிட்டாள். என்ன பிழைப்பு பார்!

நகரசபை ஓவர்சீயர் நேற்று வந்தார். நல்ல மனிதர், தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஆனால் வெளியூர்க்காரர். நம் தெருவில் மாடி ஏறுகிற ஆண்பிள்ளை, "ஆளு ஏறுது, உள்ள போயிருங்க" என்று குரல் கொடுத்துவிட்டு ஏறுகிற வழக்கம் அவருக்கு எங்கே தெரியும்? நேராகப் படியில் ஏறிவிட்டார். சனாவுல்லாதான் கீழிருந்து கத்தினார். பாத்துமுத்துவும் அவள் மூன்று பெண்களும் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள், முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். மைதீன் பிச்சை ராவுத்தர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஓவர்சீயர் இறங்கி வந்து, "தடை ஒண்ணும் இல்லம்மா. உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர், அதுமேல பந்தலோட பாரம் இறங்குது. அவங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா நான் எழுதி அனுப்பிருவேன்" என்றார்.

ஒரே ஒரு கையெழுத்து. நாளைக்குப் போய்க் கேட்கிறேன். பாத்துமுத்து என் இழுப்புக்கென்று ஆடாதோடைக் கஷாயம் காய்ச்சிச் சுவர் மேலே வைத்துவிட்டுப் போகிறாள். அதைக் குர்ஷித்துக்குத்தான் கொடுக்கிறேன். அவள் சலாம் சொல்கிறாள். தனியாகவும் எழுதுவாளாம்.

ஜெய்தூன் பீவி

---

பேகம்பூர்
8-4-1957

மச்சானுக்கு குர்ஷித் பேகம் அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பெல்லாம் நல்லபடியாகப் போகிறதா? அங்கே கஞ்சி கிடைக்குமா, இல்லை வெறும் தண்ணீரில்தான் திறக்கிறீர்களா?

நான் இந்த வருஷம் நோன்பு வைக்கக் கூடாதாம். ஆனால் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எல்லோரோடும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். நான் எழும்பவில்லையே என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டுவிடக் கூடாதல்லவா? பகலில் மதினி கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுக்கிறது. திருடித் தின்கிற பூனை மாதிரி குடிக்கிறேன்.

பந்தலுக்குக் கையெழுத்து இன்னும் ஆகவில்லை. பெருநாள் கழித்துப் பார்க்கலாம் என்று ராவுத்தர் சொன்னாராம். நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னை விருந்தாளி ஆக்கிவிட்டீர்கள். வாழ வந்து நாலு வருஷம் கழித்து இந்தப் பதவி! விருந்தாளி என்றால் பிரியாணி உண்டா என்று மதினியிடம் கேட்டேன். "முதல்ல மாடி ஏறு, அப்புறம் பேசு" என்கிறது. இவர்கள் யோசித்து முடிப்பதற்குள் நீங்கள் பினாங்கிலிருந்து நடந்தே வந்துவிடலாம் போலிருக்கிறது.

மாடியில் நான் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறேன், உங்களோடு. "ஆளு ஏறுது" என்று நீங்கள் கத்தினீர்கள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும், எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மலைக்கோட்டையைக் காட்டினீர்கள். வெயிலில் அது அப்படியே மஞ்சளாக இருந்தது. பந்தலில் படுத்தால் தலைமாட்டிலேயே கோட்டை தெரியும் என்று சபுரா சொல்கிறாள்.

இருமலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முன்னைப்போல் சத்தம் வருவதில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினால் சுவருக்கு அந்தப் பக்கம் போகாது என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

உங்கள் குர்ஷித்

---

786

பேகம்பூர்
25-4-1957

தம்பிக்கு அக்காவின் சலாம். நாங்கள் இருக்கிறோம். நீ சுகமாக இரு.

காரியம் கெட்டுவிட்டது. கையெழுத்துக் கேட்டால் பெருநாள் கழியட்டும் என்ற மனுஷன், நகரசபைக்கு ஆட்சேபணை எழுதிப் போட்டுவிட்டார். "மாடிப் பந்தலில் வெளி ஆண்கள் தங்கினால் எங்கள் வீட்டுக் கோஷாப் பெண்கள் முற்றத்தில் இறங்க முடியாது" என்று எழுதியிருக்கிறாராம். ஓவர்சீயர் படித்துக் காட்டினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே போனேன். அவர் வாசலில் நின்றுகொண்டு, நான் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, நோன்பு வாயோடு சண்டை.

"ஏன்ணே, இருபது வருசமாப் பக்கத்துல இருக்கோம், ஒரு கையெழுத்துக்கு இம்புட்டா?" என்றேன்.

"இருபது வருசமா இருக்கப்போய்த்தான் கேக்குறேன், தங்கச்சி. உன் வீட்டுல இருக்கிறது மூணு பொம்பளைங்க. தம்பி சீமையில. ஆம்பளையில்லாத வீட்டுல எந்த விருந்தாளிக்கு மாடியில கொட்டகை போடுறே? அதுவும் நாலு பக்கமும் தட்டி கட்டி? நீயே சொல்லு."

தம்பி, என் புருஷன் மவுத்தாகி ஒன்பது வருஷமாகிறது. என் நிழல் கூட வாசல் தாண்டியதில்லை. அந்தக் கேள்வி முகத்தில் எச்சில் துப்பின மாதிரி இருந்தது. ஆனால் அவர் மேல் என்ன குற்றம்? மூன்று குமரிகளை வைத்திருக்கிறவர். நாம் எழுதிக் கொடுத்ததைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உன் முகம் நினைவுக்கு வந்தது, சபுரா முகம் வந்தது. முழுங்கிவிட்டேன். திரும்பி வரும்போது பாத்துமுத்து அடுக்களை வழியாக என் கையைப் பிடித்து, "அவுக கோவக்காரவுக, மனசுல வச்சுக்காதடி" என்று சொல்லிவிட்டு, கஷாயச் சட்டியையும் கொடுத்தாள்.

அந்த ஒரு வீட்டில் மட்டும் சொல்லிவிடட்டுமா? அவள் ஒருத்தியிடம் மட்டும்? சரி என்று ஒரு வரி எழுது. அடுத்த தபாலிலேயே எழுது. குர்ஷித்துக்குச் சாயந்தரமானால் காய்ச்சல் வருகிறது. சலாம் சொல்கிறாள்.

ஜெய்தூன் பீவி

---

பினாங்கு
21-5-1957

மரியாதைக்குரிய அக்காவுக்கு சலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. கடையில் சரக்கு வந்து இறங்கியதால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

பொறுத்துக்கொள்ளுங்கள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று வத்தலக்குண்டார் நாள் குறித்துவிட்டார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்போது சொன்னால், பாத்துமுத்து அக்காவிடம் சொன்ன பேச்சு சாயந்தரத்துக்குள் பள்ளிவாசல் வரை போய்விடும். நிக்காஹ் முடியட்டும், பிறகு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

எனக்கு ஒரு யோசனை. ராவுத்தர் வீட்டுப் பக்கம் மட்டும் தட்டிக்குப் பதிலாக ஆள் உயரத்துக்குப் பலகை அடித்து மூடிவிடுவதாகப் புது பிளான் கொடுங்கள். அவருக்கு அப்புறம் பேச ஒன்றும் இருக்காது.

இரண்டு மாதம்தான். மருந்து தவறாமல் கொடுங்கள். குர்ஷித்துக்குச் சலாம். அவள் கடிதம் கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அக்பர் அலி

---

786

பேகம்பூர்
15-6-1957

தம்பிக்கு சலாம். சுகம் விசாரித்து எழுத இப்போது நேரமில்லை, நீ நன்றாக இருப்பாய்.

புது பிளான் கொடுத்தாயிற்று. டாக்டரம்மாவிடம் சொன்னேன். "காத்து வர்றதே அந்தப் பக்கத்துலருந்துதாம்மா. அங்க பலகையை அடிச்சா அது பந்தல் இல்ல, பெட்டி" என்றார். அவருக்கு எங்கள் மேல் வெறுத்துப் போய்விட்டது. சானடோரியத்துக்கு எழுதுகிறேன் என்று மறுபடி கேட்டார். மறுபடியும் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

ராவுத்தர் பலகைக்கும் சம்மதிக்கவில்லை. "பலகை கண்ணை மறைக்கும், பேச்சை மறைக்குமா?" என்கிறாராம். ஓவர்சீயர் என்னிடம், "அம்மா, விருந்தாளி யாருன்னு ஒரு பேர் சொல்லுங்க. உங்க அண்ணன், மாமன், யாராவது. நான் போய் அவர்கிட்டப் பேசிப் பாக்குறேன்" என்றார். எந்த ஆண்பிள்ளை பேரை நான் சொல்வேன்?

போன ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வந்தார்கள். நடு அறைக்குள்ளும் நுழைவார்கள் அல்லவா? குர்ஷித் நிலக்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னோம். அவளை விறகு அடுக்கும் அறையில் படுக்க வைத்துக் கதவை வெளியே பூட்டினேன். நானேதான் பூட்டினேன். காலையில் வந்தவர்கள் சாயந்தரம் அசர் தொழுகைக்குப் பிறகுதான் கிளம்பினார்கள். ஒரு சத்தம் வரவில்லை. பூட்டைத் திறந்தபோது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானை முழுக்க இரத்தம். "போயிட்டாங்களா, மதினி? பலகாரம் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

நான் கொல்லையில் போய் அழுதேன். இழுப்பு அதிகமாகிவிட்டதோ என்று பாத்துமுத்து அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

சரி, நீ சொன்னபடி நிக்காஹ் முடியட்டும். குர்ஷித் சலாம் சொல்கிறாள்.

ஜெய்தூன் பீவி

---

786

பேகம்பூர்
17-7-1957

தம்பிக்கு சலாம். அல்ஹம்துலில்லாஹ், ஞாயிற்றுக்கிழமை சபுராவின் நிக்காஹ் குறையில்லாமல் முடிந்தது. நீ அனுப்பிய பச்சைப் பட்டு அவளுக்கு நன்றாக இருந்தது. நேற்று வத்தலக்குண்டுக்குப் போய்விட்டாள். போகும்போது குர்ஷித்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எனக்காகத்தானே மதினி" என்று மட்டும் சொன்னாள்.

நாளைக் காலையில் பாத்துமுத்து வீட்டுக்குப் போகிறேன். எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். உன் பதிலுக்கு நான் காத்திருக்கப் போவதில்லை.

குர்ஷித் சலாம் சொல்கிறாள். சத்தமாகச் சொல்ல முடியவில்லை, சைகையில் சொல்கிறாள்.

ஜெய்தூன் பீவி

---

பினாங்கு
1-8-1957

மரியாதைக்குரிய அக்காவுக்கு சலாம். சபுரா நிக்காஹ் முடிந்ததைப் படித்து இரண்டு ரக்அத் தொழுதேன். நீங்கள் ராவுத்தர் வீட்டில் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. சொல்ல வேண்டியதுதான். இப்போது சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை.

எனக்குப் பெர்மிட் கிடைத்துவிட்டது! நவம்பர் கப்பலில் வருகிறேன். அதற்குள் பந்தல் முடிந்துவிடும் அல்லவா? அவளுக்குத் தலைமாட்டில் கோட்டை தெரிய வேண்டும், பொம்மையனிடம் சொல்லுங்கள். அவளுக்கென்று ஒரு கம்பளிச் சால்வை வாங்கியிருக்கிறேன். மாடியில் விடியற்காலையில் பனி இறங்கும்.

ராவுத்தர் என்ன சொன்னார்? எல்லாவற்றையும் விவரமாக எழுதவும்.

அக்பர் அலி

---

786

பேகம்பூர்
22-8-1957

தம்பிக்கு சலாம். விவரமாக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

நான் போனபோது பாத்துமுத்து கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விருந்தாளி யாருமில்லை, குர்ஷித்துதான், அவளுக்குக் காசநோய், மாடியில் அவளைப் படுக்க வைக்கத்தான் பந்தல் என்று சொன்னேன். வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப அந்த இருமலு?"

"அவளோடது."

"உனக்கில்ல இழுப்பு?"

"இல்ல."

பளாரென்று என் தோளில் ஒரு அடி அடித்தாள். "அடிப் பாவி! அஞ்சு மாசமா உனக்குன்னு கஷாயம் காச்சுறேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை செத்துக்கிட்டுக் கெடக்கு. பொம்பளையைப் பொம்பளை பாத்தா கோஷாவா போயிரும்? குர்ஷித்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே முட்டுக் கொடுத்து மாடிக்குத் தூக்கியிருப்பேனே!" என்று கத்தினாள். அவள் கத்தல் கேட்டு ராவுத்தர் உள்ளே வந்தார். அவளே அவரிடம் சொன்னாள். மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக நகரசபை ஆபீசுக்குப் போய் ஆட்சேபணையைத் திருப்பி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பத்து நாளில் அனுமதி வந்துவிட்டது. ஓவர்சீயரே கொண்டுவந்து கொடுத்தார். பொம்மையன் வேலையை ஆரம்பித்தார். தூண் நாலும் வேங்கை. மேலே சட்டத்துக்குப் பூவரசு. கீற்று ஆத்தூரிலிருந்து வண்டியில் வந்தது, நல்ல நீளக் கீற்று. தட்டி மூங்கிலைப் பிளந்து வரிசையாகக் கட்டியிருக்கிறார், காற்று தாராளமாக வருகிறது. ராவுத்தர் வீட்டுப் பக்கம் பலகை அடிக்கவில்லை. அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தூணுக்கு அடியில் கரையான் ஏறாமல் இருக்கக் கீல் பூசியிருக்கிறது. மழை அடித்தாலும் ஒழுகவில்லை, போன வாரம் பெய்தபோது போய்ப் பார்த்தேன். கோட்டை நன்றாகத் தெரிகிறது.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெய்தூன் பீவி

---

பினாங்கு
5-9-1957

அக்கா,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. வேங்கை எழுதியிருக்கிறீர்கள், பூவரசு எழுதியிருக்கிறீர்கள், கரையானுக்குக் கீல் பூசியதைக் கூட எழுதியிருக்கிறீர்கள். கோட்டை தெரிகிறது என்கிறீர்கள். யாருக்குத் தெரிகிறது?

கடைசியில் அவள் சலாம் இல்லை. எப்போதும் எழுதுவீர்களே.

அக்கா, எழுதுங்கள்.

அக்பர் அலி

---

786

பேகம்பூர்
30-9-1957

தம்பி,

குர்ஷித் மவுத்தாகிவிட்டாள். இன்னா லில்லாஹி. போன கடிதம் எழுதும்போதே அவளை அடக்கம் செய்துவிட்டோம். அவளைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை மரத்தைப் பற்றியே எழுதிக்கொண்டு போனது, என்னால் நிறுத்த முடியவில்லை.

தூண் நட்ட அன்றைக்கு அவள் மேலே போக வேண்டும் என்றாள். மேலே கீற்றுக் கூடப் போடவில்லை, வெறும் நாலு தூண். "கூரை எதுக்கு? விருந்தாளி வாசல்லயே நிக்கிறதா?" என்று காற்றுப் போன குரலில் கேட்டாள். ராவுத்தர் பொம்மையனைக் கூட்டிக்கொண்டு தெரு முனைக்குப் போய் நின்று, தெருவில் ஒரு ஆண்பிள்ளையும் மாடி ஏறாமல் பார்த்துக்கொண்டார். நானும் பாத்துமுத்துவும் அவள் பெண்களும் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஏறினோம். கட்டிலில் ஆள் இருக்கிற பாரமே இல்லை.

சாயந்தர வெயில். கோட்டை மஞ்சளாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். இத்தனை மாசத்தில் முதல் தடவையாகத் தலையணை இல்லாமல், வாயைப் பொத்தாமல், வாய் விட்டு இருமினாள். தெருவே கேட்டிருக்கும். யாரும் எதுவும் சொல்லவில்லை. பாத்துமுத்து கஷாயம் கொடுத்தாள். "இது எனக்குத்தானா, இல்ல மதினிக்கா?" என்று குர்ஷித் கிசுகிசுத்தாள். அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னால் போய்விட்டாள். சந்தூக்குக்கு முதலில் தோள் கொடுத்தவர் மைதீன் பிச்சை ராவுத்தர்தான். நீ இருந்திருந்தால் நீ கொடுத்திருப்பாய்.

டாக்டரம்மா வந்திருந்தார். மாசி மாதமே மாடிக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அவர் என் கையைத் தடவிக்கொடுத்தார். அதுதான் பதில் என்று எனக்குத் தெரியாதா?

உன் மேல் குற்றமில்லை என்று எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. இழுப்பு எனக்கு என்று முதல் பொய்யைச் சொன்னவள் நான். விறகு அறையைப் பூட்டின கை என் கை. அதனால் உன் மேல் மட்டும் குற்றம் என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், நீ தூரத்தில் இருந்தாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

பந்தலைப் பொம்மையன் வந்து முடித்துக் கொடுத்தார். பாதியில் நிற்கட்டுமா என்று கேட்டார், முடித்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். இந்த மாதம் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதினோம். சபுராவும் மாப்பிள்ளை வீட்டாரும் வத்தலக்குண்டிலிருந்து வந்தார்கள், நிலக்கோட்டையிலிருந்து அவள் தகப்பனார் வந்தார், தெருவில் எல்லோரும் வந்தார்கள். கீழே இடம் போதவில்லை. ராவுத்தர் "ஆளு ஏறுது, உள்ள போயிருங்க" என்று குரல் கொடுத்துவிட்டு ஆண்களை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பந்தலில் பாய் விரித்து சஹன் தட்டு வைத்து எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள். நல்ல காற்று என்று சொன்னார்கள். மனுவில் நீ எழுதச் சொன்னது அப்படியே ஆகிவிட்டது, தம்பி.

நவம்பரில் வா. சால்வையைக் கொண்டு வர வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடு. நடு அறையைக் கழுவிப் பூட்டிவிட்டேன். நீ வந்தால் உனக்கும் மேலே பந்தலில்தான் படுக்கை.

ஜெய்தூன் பீவி